மொரீஷியஸ் தீவுக்குப் பறவைப் படமெடுக்கப் புறப்படும் அன்பர்களுக்கு



வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் நீர்ப்பறவைகளைப் பார்த்துக் கண் பழகி, ஆனைமலையிலும் நீலகிரியிலும் இருவாட்சியைத் தேடி அலைந்து கால் பழகியபின், கடல் கடந்த ஒரு தீவுக்குச் சென்று உலகில் வேறெங்குமே காணக் கிடைக்காத பறவைகளைக் கண்ணாரக் காணவும், அவற்றைப் படம் பிடித்து வந்து நண்பர்களுக்குக் காட்டவும் வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு எழுந்திருப்பதை நான் அறிவேன். மெச்சத்தக்க ஆசைதான். அதிலும், தைப்பூசத்துக்கு அரசாங்க விடுமுறை விடுகிற, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை அச்சிடுகிற மொரீஷியஸ் தேசத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்கே இறங்கியவுடன் அந்நிய பூமி என்ற எண்ணம் பாதி கரைந்துவிடுகிறது. மீதி, தோட்டத்து மரங்களில் கேட்கும் பறவைக் குரல்களால் கரைகிறது. அந்தக் குரல்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போய் வந்தவர்கள் காட்டும் படங்களைப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. படங்கள் நேர்த்தியானவை, வெளிச்சமும் கூர்மையும் குறை சொல்ல இடந்தராதவை. ஆனால் பத்தில் எட்டுப் படங்களின் கீழே எழுதப்படும் குறிப்பு தவறு. விடுதியின் புல்தரையில் ரொட்டித் துணுக்கைப் பொறுக்க வந்த, தலை முதல் அடிவயிறு வரை குங்குமத்தில் தோய்த்தெடுத்தாற்போன்ற ஒரு சிறு குருவியைப் படமெடுத்து, ‘மொரீஷியஸின் அபூர்வச் செங்குருவி’ என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். அது மடகாஸ்கர் ஃபோடி. தூக்கணாங்குருவியின் வமிசத்தைச் சேர்ந்த அந்தப் பறவை மனிதர் கைவழியே அத்தீவுக்கு வந்து, வயலிலும் தோட்டத்திலும் பெருகி, இன்று அங்கே மிகச் சாதாரணமான பறவைகளில் ஒன்றாகிவிட்டது. அத்தீவுக்கே உரிய மொரீஷியஸ் ஃபோடிக்குத் தலையும் மார்பும் மட்டுமே சிவப்பு, உடல் ஆலிவ் கலந்த பழுப்பு. அது விடுதிப் புல்தரைக்கு வருவதில்லை.

ஃபோடியோடு இந்தக் குழப்பம் நின்றுவிடுவதில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் கேட்கிற மைனாவின் அதட்டல் நம் ஊர் மைனாவினுடையதுதான். கரும்பை அழித்த வெட்டுக்கிளிகளைத் தின்று தீர்க்கட்டும் என்று 1762-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட பறவைகளின் சந்ததி அது. ஒரு ஜீவனை அடக்க இன்னொரு ஜீவனை ஏவிவிடும் முறைக்கு உலக விவசாய சரித்திரத்தில் ஆதி உதாரணங்களுள் ஒன்றாக இதைச் சொல்வது வழக்கம். கம்பிமேல் கொண்டையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிற செம்மீசைச் சின்னான் 1892-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. கூச்சலிட்டுக்கொண்டு கூட்டமாகப் பறக்கும் பச்சைக்கிளி, துறைமுகத்துக் காகம், புதரோரத்துக் கவுதாரி, கூரையோரத்துச் சிட்டுக்குருவி எல்லாமே குடியேறிய இனங்கள். ஆக, விமானச் சீட்டுக்குப் பெருந்தொகை கொடுத்து, இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டிப் போய், சேலத்திலோ திருநெல்வேலியிலோ மொட்டைமாடியில் நின்று எடுத்திருக்கக்கூடிய படங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவருகிறோம். இதில் அந்தப் பறவைகளின் குற்றம் ஏதுமில்லை. கூண்டிலடைத்துக் கப்பலில் ஏற்றியவர்கள் மனிதர்களே.

உள்ளூர்ப் பறவைகள் கண்ணில் படாமல் போனதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றைத் தேடிப் புறப்படுவது வீண். நடுக்கடலில் எரிமலைக் குழம்பால் எழும்பிய அந்தத் தீவில், மனிதன் கால் வைக்கும்வரை, வௌவாலைத் தவிரப் பாலூட்டும் பிராணி எதுவுமே இல்லை. எலியையும் பூனையையும் குரங்கையும் அறியாத பறவைகள் அச்சமென்பதை அறியாமலே பல லட்சம் ஆண்டுகள் வாழ்ந்திருந்தன. 1598-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்குப் பின்னர் பிரெஞ்சுக்காரர்களும், 1810 முதல் ஆங்கிலேயர்களும் காட்டைக் கரும்புத் தோட்டமாக்கினார்கள். கப்பல்களோடு எலி வந்தது, பன்றி வந்தது, நீள்வால் மக்காக் குரங்கு வந்தது. பிளேக் பரப்பும் எலியை ஒழிக்கவென்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கீரியையும் கொண்டுவந்து விட்டார்கள். அது எலியோடு திருப்தி அடையவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று ஓரளவேனும் கெடாத சுதேசக் காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அந்த எஞ்சிய காட்டையும் சீனக் கொய்யா முதலிய அந்நியச் செடிகள் நெருக்கி மூடுகின்றன. அவற்றின் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் கைங்கரியத்தில் நம்முடைய செம்மீசைச் சின்னானுக்கும் கணிசமான பங்குண்டு.

டோடோவின் கதை உலகப் பிரசித்தம். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஒழிந்துபோயிற்று, அதைப் பற்றி நான் விரிவாக எழுதப் போவதில்லை. ஆனால் வர்ணத்தைத் தேடிப் போகும் உங்களுக்கு இன்னொரு பறவையைச் சொல்லத்தான் வேண்டும். கழுத்தில் சிங்கப் பிடரிபோல் நீண்ட வெண்ணிற இறகுகளும், கருநீல உடலும், செந்நிற வாலுமாக, அத்தீவில் வாழ்ந்த பறவைகளிலெல்லாம் மிகக் கவர்ச்சியானதென்று சொல்லத்தக்க நீலப்புறா ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அங்கே பறந்துகொண்டிருந்தது. இன்று உலகில் அதன் பாடம் செய்யப்பட்ட உடல்கள் மூன்றே மூன்று. எடின்பரோவில் ஒன்று, பாரிஸில் ஒன்று, போர்ட் லூயிஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் ஒன்று. கடற்கரைக்கும் கடைவீதிக்கும் போகும் அவசரத்தில் அந்த அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். காட்டுக்குள் போகுமுன் ஒருமுறை அந்தக் கண்ணாடிப் பெட்டியின் எதிரே நிற்பது நல்லது.

இனி, இருக்கிற பறவைகளைப் பற்றிச் சொல்கிறேன். இவை தாமாகப் பிழைத்திருக்கவில்லை. மனிதர்கள் பிடிவாதமாக உழைத்துப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். மொரீஷியஸ் வல்லூறு என்றொரு சிறு வேட்டைப் பறவை உண்டு. கோழிக்குஞ்சைத் தூக்கும் பறவையென்று அபவாதம் சுமத்தி அதைச் சுட்டுத் தள்ளினார்கள். உண்மையில் அதற்குப் பிரதான ஆகாரம் மரங்களில் ஊரும் பச்சைப் பல்லிதான். காடு போயிற்று, குரங்கும் கீரியும் கூட்டைச் சூறையாடின, மலேரியாக் கொசுவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி. மருந்து மிச்சத்தைக் கெடுத்தது. 1974-ஆம் ஆண்டில் காட்டில் அறியப்பட்ட வல்லூறுகள் நான்கு. ஒரு ஜாதிப் பறவை முழுவதும், தீவு முழுவதும், நான்கு.

1979-இல் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் தேசத்து இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். வல்லூறைக் காக்க நடந்துகொண்டிருந்த முயற்சியை மெல்ல மூடிக் கட்டுவதற்கென்றே அவரை அனுப்பினார்கள். அவரோ மூட மறுத்துவிட்டார். முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிடும் என்ற இயற்கையின் தாராளத்தைப் பயன்படுத்தி, எடுத்த முட்டைகளைப் பொரிப்பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரித்து, காட்டிலுள்ள ஜோடிகளுக்குத் தீனி வைத்துப் போஷித்து, கூட்டுப் பெட்டிகள் மாட்டி, எலியையும் கீரியையும் பொறி வைத்துப் பிடித்து, ஆண்டுக்காண்டு குஞ்சுகளைக் காட்டில் விட்டுவந்தார். நான்கு நூற்றுக்கணக்காயின. பிற்பாடு எண்ணிக்கை மறுபடியும் சற்றுச் சரிந்ததால் 2014-இல் அபாய நிலையில் உள்ள பறவைகளின் வரிசையில் அதைத் திரும்பவும் சேர்த்தார்கள்; ஆகையால் வெற்றி முரசு கொட்டி முடித்துவிட்ட கதையென்று நினைத்துவிட வேண்டாம்.

இளஞ்சிவப்புப் புறாவின் சரித்திரம் இதைவிட விசித்திரமானது. வெளிறிய ரோஜா வர்ணத் தலையும் மார்பும், பழுப்புச் சிறகும், செம்மண் நிற வாலும் கொண்ட இந்தப் புறாவை, சுதேச மரங்களில் கூடு கட்டினால் எலியும் குரங்கும் விடுவதில்லை. ஆகவே அது ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட கிரிப்டோமேரியா மரத்தோப்பில் போய் ஒண்டிக்கொண்டது. சுதேசி, விதேசி என்று நாம் கோடு கிழித்துப் பேசுவதையெல்லாம் பறவை ஏற்றுக்கொள்வதில்லை என்பதற்கு இதுவொரு சாட்சி. ஜெர்ஸித் தீவில் மிருகக்காட்சிசாலை நடத்திய எழுத்தாளர் ஜெரால்ட் டர்ரெல் 1976-இல் வந்து, இரவில் அந்தத் தோப்பில் ஏறிச் சில புறாக்களைப் பிடித்து, வளர்ப்பில் இனம்பெருக்கும் காரியத்தைத் தொடங்கி வைத்தார். அப்படியிருந்தும் 1990-களின் தொடக்கத்தில் காட்டில் எஞ்சியவை பத்தளவே. வளர்ப்பில் பெருகியவற்றை விட்டு, தீனி கொடுத்துக் காத்ததால் இன்று அவை சில நூறாகப் பெருகியிருக்கின்றன. 2018-இல் அபாயப் பட்டியலில் ஒரு படி கீழிறக்கி வைக்கும் அளவுக்கு நிலைமை தேறியிருக்கிறது.

கிளி விஷயத்தில் நீங்கள் எளிதில் ஏமாந்துவிடுவீர்கள் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். எக்கோ கிளி என்று வழங்கும் அத்தீவின் சொந்தக் கிளியும் நம் பச்சைக்கிளியும் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள். தூரத்தில் பறக்கும்போது இரண்டும் பச்சை, இரண்டுக்கும் வால் நீளம். ஆனால் எக்கோவின் பச்சை இருண்டது, உடல் தடித்தது, வால் நம் கிளியினுடையதைவிடக் குட்டை. பெண் பறவைக்கு மேலலகு கறுப்பு. நம் பச்சைக்கிளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மேலலகு சிவப்பு. இந்தக் கறுப்பலகைக் கண்டீர்களானால் சந்தேகத்துக்கு இடமில்லை. நகரத்துத் தோட்டத்திலும் கரும்புக் கொல்லையிலும் இரைச்சலிடுவது பெரும்பாலும் நம்முடையது. பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவின் மேட்டுக் காட்டில், மக்காபே மலைமுகட்டுப் பாதையில், காலையிலோ மாலையிலோ காத்திருந்தால் எக்கோவைப் பார்க்கலாம். 1980-களில் ஒரு டஜன் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்த அந்த இனம் இப்போது எழுநூறைத் தாண்டியிருக்கிறது.

இவ்வளவையும் சொன்னது ஒரு விஷயத்துக்கு வருவதற்காகத்தான். மேற்சொன்ன பறவைகளைப் படமெடுத்தவர்கள் என்னிடம் சொல்லிக்கொள்ளும் ஒரே குறை: “பறவை அழகாக உட்கார்ந்தது, வெளிச்சமும் கிடைத்தது, ஆனால் காலில் வளையம் போட்டிருக்கிறார்களே, படமே கெட்டுவிட்டது.” ஆம், சிவப்பும் மஞ்சளும் நீலமுமான வளையங்கள் அவற்றின் கால்களில் இருக்கின்றன. சிலர் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்த வளையங்களைச் சுத்தமாகத் துடைத்தெடுத்து, காட்டில் சுதந்திரமாகத் திரியும் பறவை என்று தோன்றும்படி செய்துவிடுகிறார்கள். தீனித் தட்டு தெரிந்தால் அதையும் வெட்டிவிடுகிறார்கள். இதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். எந்தக் காலில் எந்த நிறம் மேலே, எது கீழே என்ற அடுக்கைக் கொண்டுதான் இன்ன பறவை, இன்ன ஆண்டில் பிறந்தது, இன்ன இடத்தில் விடப்பட்டது, இன்னதனோடு ஜோடி சேர்ந்தது என்று களப்பணியாளர்கள் கண்டறிகிறார்கள். அந்த வளையமில்லாவிட்டால் எத்தனை பிழைத்தன, எத்தனை மடிந்தன என்ற கணக்கே இல்லை. கணக்கில்லாவிட்டால் எங்கே தீனி வைப்பது, எங்கே எலிப்பொறி வைப்பது என்ற தீர்மானமும் இல்லை. வளையத்தைத் துடைத்த படம், மனிதன் கைபடாத ஆதிவனம் ஒன்று அங்கே இன்னும் இருப்பதாகப் பொய் சொல்கிறது. கோயில் சிற்பத்தைப் படமெடுப்பவன் அதிலுள்ள கல்வெட்டைச் சுரண்டிவிட்டு எடுத்தால் அவனை என்ன சொல்வோம்? வளையமும் தெரிய, தீனித் தட்டும் தெரிய எடுத்த படத்தையே நான் நேர்மையான படம் என்பேன். அழகிலும் அது குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கே போவது என்று கேட்பீர்கள். தென்கிழக்குக் கரையில், மாயேபூர் ஊருக்கு அருகே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் ஈல் ஓ எக்ரெத் என்ற பவளப்பாறைத் தீவு இருக்கிறது. 26 ஹெக்டேர்தான் பரப்பு. சுற்றிவர அரை நாள் போதும். 1984-இல் ஸ்தாபிக்கப்பட்ட மொரீஷியஸ் வனஜீவி அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. எலியையும் பூனையையும் ஒழித்து, அந்நியச் செடிகளைக் களைந்து, கருங்காலிக் கன்றுகளை நட்டு, முன்பிருந்து அழிந்த ராட்சத ஆமைகளின் ஸ்தானத்தில் அல்டாப்ராத் தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். இளஞ்சிவப்புப் புறா பாதையோரத்துக் கிளையில் உங்களைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருக்கும். மொரீஷியஸ் ஃபோடியையும், உலகிலேயே மிக அருகிவிட்ட பறவைகளில் ஒன்றான ஆலிவ் வெள்ளைக்கண்ணியையும் அங்கே பார்க்க வாய்ப்புண்டு. 2020 ஜூலை 25-ஆம் தேதி வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் அதற்கருகே பவளத்திட்டில் மோதி, ஆகஸ்டில் சுமார் ஆயிரம் டன் எண்ணெயைக் கடலில் கக்கியபோது, இத்தனை ஆண்டுப் பிரயாசையும் ஒரு வாரத்தில் போய்விடுமோ என்று அஞ்சி, சில ஃபோடிகளையும் வெள்ளைக்கண்ணிகளையும் அவசரமாகப் பிடித்துப் பெருந்தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நீங்கள் வாங்கும் நுழைவுச்சீட்டின் பணம் இந்தக் காரியங்களுக்குத்தான் போகிறது. வல்லூறைப் பார்க்க ஃபெர்னே பள்ளத்தாக்கும், புறாவையும் எக்கோவையும் பார்க்க ஷமரேல் பக்கத்துக் கருங்காலிக் காடும் ஏற்ற இடங்கள்.

வர்ணமில்லாத பறவைகளையும் மறந்துவிடாதீர்கள். மொரீஷியஸ் குயில்கீச்சானில் ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. மொரீஷியஸ் கொண்டைக்குருவிக்கு அலகில் மட்டுமே செம்மஞ்சள், மற்றதெல்லாம் மங்கலான கருமை. இரண்டும் அத்தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. நம் ஊர் அரசவால் ஈப்பிடிப்பானின் நீண்ட வெள்ளை வாலைக் கண்டு மயங்கியவர்கள், அதன் மாஸ்கரீன் உறவினனுக்கு அந்த வால் கிடையாதென்று அறிந்து ஏமாற்றமடைவதுண்டு. வடகிழக்கில் பிரா தோ காட்டில் அதைப் பார்த்தால், குட்டை வாலோடும் கருநீலத் தலையோடும் அது எவ்வளவு சுறுசுறுப்பான ஜீவன் என்பது தெரியவரும். நம்மிடையே வாழ்ந்த இயற்கையாளர் மா. கிருஷ்ணன் தம் படங்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். பிராணியின் சுபாவத்தைக் காட்டுவதற்கு நிறம் அவசியமென்று அவர் படங்களைப் பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள்.

பருவத்தையும் சற்றுக் கவனியுங்கள். நம் பள்ளிக்கூடங்கள் விடுமுறை விடும் மே மாதம் அங்கே குளிர்காலத்தின் வாசல். ஃபோடிகளின் சிவப்பு மங்கிப்போயிருக்கும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இனப்பெருக்க காலமாதலால் நிறம் பளிச்சென்றிருக்கும். ஆனால் கூடும் குஞ்சுமாக இருக்கும் அந்தக் காலத்தில்தான் உங்கள் கட்டுப்பாடும் அதிகம் தேவை. பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு ஆண்பறவையை வரவழைக்கும் தந்திரம் நம் நாட்டிலேயே கண்டிக்கத்தக்கது. சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கும் ஓர் இனத்திடம் அதைச் செய்வது, எதிரி வந்துவிட்டான் என்ற பொய்த் தகவலால் கூட்டை விட்டு அதைக் கிளப்பிவிடுவதாகும். மின்னல் விளக்கை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காட்டினுள் வெளிச்சம் குறைவுதான். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காலில் வளையமிட்ட புறாவோ வல்லூறோ கிளியோ உங்கள் லென்ஸில் அகப்பட்டால், கால்கள் இரண்டும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படமாவது எடுங்கள். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்தாத அந்தப் படத்தை, ஊர் திரும்புமுன், உடன் வந்த வழிகாட்டியிடமோ பூங்கா அலுவலகத்திலோ கொடுத்துவிட்டு வாருங்கள். நண்பர்களுக்கு அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இங்ஙனம்,
பறவை பார்ப்பதில் உங்களுக்குத் தோழன்